சட்டியில் விரிந்த வலைக்காளான்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மட்டக்களப்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தேன். மாரிகாலத்துச் சனி ஞாயிறுகளில் தோணியேறி வாவியைக் கடந்து, வவுணதீவுக்கு அப்பாலுள்ள காட்டில் காளான்களைத் தேடி வரைவேன். காட்டுக்குள் எனக்குத் துணை, அங்கே விறகு பொறுக்கும் ஒரு பெண். அவளுக்கும் என் வயதுதான்.

ஒருமுறை அவள் எனக்கொரு வலைக்காளானைக் காட்டினாள். வெள்ளைத் தண்டு, பச்சைப் பிசின் படிந்த தொப்பி, அதன் கீழிருந்து நிலம்வரை தொங்கும் வெள்ளை வலை. காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சாய்ந்துவிடும். அதை வரைந்து மலைநாட்டிலிருந்த ஒரு தாவர அதிகாரிக்கு அனுப்பினேன். ‘இது ஈரமான மலைக்காடுகளில் வளர்வது. ஏதோ புத்தகத்தைப் பார்த்து வரைந்திருக்கிறீர்கள்’ என்று பதில் வந்தது.

கோபம் வந்தது, சந்தேகம் வரவில்லை. சேற்றில் முழங்காலூன்றி வரைந்த படம் அது.

அடுத்த மாரியில், ஒரு ஞாயிறு, விறகுக்காரி என்னை ஓர் உக்கிய மரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

“இஞ்ச பாருங்க டீச்சர், முட்டை மாதிரிக் கிடக்கு. நாளைக்கு வெடிக்கும்.”

“நாளைக்கு எனக்குப் பள்ளிக்கூடமே.”

“அப்ப இதைக் கையோட கொண்டு போங்க.”

மண்ணோடு தோண்டியெடுத்து, சோறு கொண்டுவந்த சட்டியில் வைத்து, ஈரச் சருகால் மூடித் தந்தாள். தோணியில் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

திங்கள் காலை என் வகுப்பு மேசையில் முட்டை வெடித்தது. தண்டு எழும்பி, வலை மெல்ல இறங்கியது. கூடவே நாற்றமும் ஈக்களும். தலைமை ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“என்ன செத்துக் கிடக்கு இஞ்ச?”

“ஒண்டும் சாகல்ல, மிஸ். இப்பதான் பிறந்திருக்கு. நான் படம் கீறி முடிச்சதும் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, ‘என் முன்னிலையில் வரையப்பட்டது’ என்றெழுதி ஒப்பமிட்டார். காளானை அடுப்புக்கு மேலே உலர்த்தி, படத்தோடு சேர்த்து அனுப்பினேன்.

அதிகாரி மன்னிப்புக் கேட்டு எழுதினார். இடத்தையும் என் பெயரையும் பதிவேட்டில் சேர்த்துவிட்டாராம். கண்டுபிடித்தவள் வேறொருத்தி, அவள் பெயர் முதலில் வரவேண்டும் என்று அன்றே பதில் போட்டேன். அதையும் ஏற்றுக்கொண்டார்.

அந்த ஆங்கிலக் கடிதத்தை விறகுக்காரிக்குத் தமிழில் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். மறுவாரம் ஓர் இலைப்பொதியோடு வந்து நின்றாள்.

“இதுல மூண்டு சாதிக் காளான் இருக்கு. கண்ட இடத்தையும் சொல்லுறன், எழுதுங்க.”