அவர் பெயரை நான் எழுத மாட்டேன்

வியாழக்கிழமை காலை ஒரு காரின் கதவை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது வெல்டர் ஏழுமலை அண்ணன் போன் செய்தார். "பவி, நம்ம பிரபு பூட்டாரும்மா. நெஞ்சு வலின்னாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள…" போனை வைத்துவிட்டு அதே கதவைத் தட்டத் தொடங்கினேன். தட்டுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை என்பது, அப்பா வந்து நிறுத்தியபோதுதான் தெரிந்தது.

பிரபு அண்ணாவை, விமான வேலைக்கு ஞாயிறுதோறும் கூடும் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அம்பத்தூரில் அப்பாவின் டிங்கரிங் கடையில் வேலை செய்பவள். அவர் ஐடி கம்பெனிக்காரர். பெட்ரோல் டேங்க் நசுங்கிய பைக்கோடு எங்கள் கடைக்கு வந்தவர், காத்திருந்த நேரம் முழுக்க உட்காரவே இல்லை. நடந்துகொண்டே தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். திருமழிசையில் ஒரு ஷெட்டுக்குப் பின்னால் புல்லுக்குள் கிடந்த பழைய பயிற்சி விமானம். "சரிபண்ணிக் குடுத்தா மியூசியத்துல வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டாங்க. தகடு வேலை தெரிஞ்ச ஆளுதான் இல்ல. ஞாயித்துக்கிழமை வர்றியாம்மா?" என்றார். அப்பா சிரித்தார். நான் தலையாட்டிவிட்டேன்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அவருக்கு ஒரு ஸ்க்ரூவைக்கூட ஒழுங்காகக் கழற்ற வராது. ஆனால் அந்த விமானத்தின் எந்தப் பாகம் எப்போது மாறியது என்று மனப்பாடமாகச் சொல்வார். ஸ்பேனரைத் தொட்டால் ஏழுமலை அண்ணன், "நைனா, நீ கதை சொல்லிகினு இரு, அத்த இப்டி குடு" என்று பிடுங்கிக்கொள்வார். "போட்டோ எடுக்காம எதையும் கழட்டாதீங்க" என்பது மட்டும் பிரபு அண்ணாவின் கட்டளை.

விமானத்தின் மூக்கில், என்ஜின் மூடியில் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு ஞாயிறு அவர் வருவதற்குள் அதைத் தட்டி எடுத்துவிட்டேன். விரலால் தடவினாலும் தெரியாது. எனக்கு ஒரே பெருமை. அவர் வந்தார், தடவினார், தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ரொம்ப சுத்தமா எடுத்திருக்க. ஆனா யாரோ ஒருத்தர் முதல் தடவை தனியா ஓட்டி, இறக்கும்போது தரையில குத்தின இடம்மா அது. உயிரோட எறங்கி வந்திருக்காரு."

நான் அழுதுவிட்டேன். அவருக்கு அது தாங்கவில்லை. "சரி விடு, போட்டோ இருக்கு, அளவு இருக்கு. திரும்ப ஒரு பள்ளம் போட்டுரலாமா?"

அந்த ஷெட்டில் நான் அதிகமாகப் பேசியது அன்றுதான். "போடலாம்ணா. ஆனா அது நான் போட்ட பள்ளம். அவர் போட்டது இல்ல."

"இத நான் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, "இனிமே பவியக் கேக்காம யாரும் எதையும் தொடக் கூடாது" என்றார். "அப்போ மொதல்ல நீ தொடாத மாமே" என்றார் ஏழுமலை அண்ணன்.

போன ஞாயிறு நீங்கள் கூடி, விமானி இருக்கைக்குக் கீழே, வெளித் தகட்டில் பிரபு அண்ணாவின் பெயரைப் பெயின்டில் எழுதுவது என்று முடிவு செய்தீர்கள். எனக்குக் கை நடுங்காது என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். வழக்கம்போல் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து பஸ்ஸில் உட்கார முடியாமல் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். சனிக்கிழமை மியூசியத்து லாரி வந்துவிடும்.

விமானி பெயரை எழுதுகிற இடம் அது; அந்த விமானத்தை ஓட்டியவர்கள்கூட யாரும் அங்கே பெயர் எழுதவில்லை. நாளைக்குப் பார்க்க வருகிறவர்கள், இவர்தான் ஓட்டினார் என்று நினைப்பார்கள். பிரபு அண்ணா அந்த இருக்கையில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. நாம் வற்புறுத்தியபோதும், "அது ஓட்டினவங்க எடம்" என்று விலகிக்கொண்டார். அந்த இடத்தில் அவர் பெயரை நான் எழுத மாட்டேன். வேறு யாரும் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். கோபம் வந்தால் திட்டுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. நசுங்கிய வண்டி கடைக்கு வந்தால் இப்போதெல்லாம் உடனே தட்ட முடிவதில்லை. "இன்னாடி பாத்துகினு கீற?" என்று அப்பா அவசரப்படுத்துகிறார். யாரிடமும் பேசத் தயங்கும் நான், வண்டிக்காரரிடம் போய், இது எப்படி ஆயிற்று என்று கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன். அப்புறம்தான் தட்டுகிறேன்.