இருபத்தேழாவது வழுக்கை

உஸ்தினியாவை முதலில் பயமுறுத்தியது கடல் இல்லை, ஊரார் காட்டிய மரியாதைதான். கிணற்றடியில் வழிவிட்டார்கள். மீனுக்கு உப்புப் போடும் கொட்டகையில் காற்றடிக்காத மூலையை அவளுக்கு ஒதுக்கினார்கள். வேலித் தகராறில் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த பக்கத்து வீட்டுக்காரி, ஒருநாள் காட் மீன் வைத்துச் சுட்ட ரொட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். வெண்கடல் கரையில் எங்கள் ஆட்கள் சும்மா ரொட்டி கொடுக்கிற ரகம் இல்லை. அது சாவு வீட்டுக்குக் கொடுக்கிற ரொட்டி. உஸ்தினியா அதை அப்படியே தூக்கி நாய்க்குப் போட்டாள்.

அவள் புருஷன் சவ்வாத்தி கிளம்பிப்போய் இரண்டு கோடை முடிந்திருந்தது. தலைநகரத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் வரைபடத்தில் கோடு கிழித்து, வடக்குப் பனிக்கடல் வழியாகவே கிழக்குத் தேசங்களுக்குக் கப்பல் விடலாம் என்று முடிவுகட்டிவிட்டார். கோடு கிழிப்பதில் என்ன கஷ்டம், காகிதத்திலா பனி உறையும்? அந்த வழியைத் தேடி இரண்டு கப்பல்கள் வந்தன. பனிக்கு நடுவே வழி பார்த்துச் சொல்ல எங்கள் ஊர் ஆள் ஒருவன் வேண்டும் என்றார்கள். வால்ரஸ் வேட்டைக்குப் பலமுறை வடக்கே போய்வந்த சவ்வாத்தியைக் கைகாட்டியது ஊர்தான். வடக்கே பனிக்கடலுக்குள் நுழைகிற ஜலசந்தியைத் தாண்டினால் எனக்கும் ஒன்றும் தெரியாது என்று அவன் சொல்லிப் பார்த்தான். அரசு உத்தரவு என்றார்கள். போனான்.

முதல் வருஷம் யாரும் கவலைப்படவில்லை. எங்காவது கரையேறிக் குளிர்காலத்தைக் கழிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். இந்தக் கோடையில் ஒரு கப்பல் மட்டும் பாய்மரம் ஒடிந்து அர்ஹாங்கெல்ஸ்க் துறைமுகத்துக்குத் திரும்பிவந்தது. சவ்வாத்தி இருந்த இன்னொரு கப்பலை ஜலசந்திக்கு அப்பால், பனிமூட்டத்தில், பெரிய பெரிய பனிக்கட்டிகளுக்கு நடுவே கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னார்கள். அன்றிலிருந்துதான் இந்த மரியாதையெல்லாம்.

உஸ்தினியாவுக்குத் தூக்கம் போயிற்று. கையில் வேலை ஓடவில்லை. கதவு தட்டப்பட்டால் எழுந்து ஓடினாள். தட்டப்படாவிட்டாலும் ஓடினாள். ஆனாலும் தினமும் காலையில் சவ்வாத்தியின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, அவனுடைய மரக்கரண்டியைத் துடைத்து மேசையில் வைத்தாள். கரண்டியைப் பெட்டிக்குள் வைக்கிற அன்றைக்கு அவன் செத்துப்போவான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அந்த இலையுதிர் காலத்தில் ஊருக்கே கலக்கம் வந்தது. வடக்கே மூர்மன் கரைக்கு மீன்பிடிக்கப் போன படகுகள் திரும்பவில்லை. தெற்குக் காற்று பிடிவாதமாக அடித்துக்கொண்டிருந்தது. ஆற்றுமுகத்தில் தண்ணீர் ஓரமாக உறையத் தொடங்கிவிட்டது. சீக்கிரம் வடகாற்று வந்து படகுகளைத் தள்ளிக்கொண்டு வராவிட்டால் எல்லாம் நடுக்கடலில் பனியில் மாட்டிக்கொள்ளும். அதனால் பெண்கள் காற்றை வேண்டப் போனார்கள்.

எங்கள் பக்கத்தில் காற்று வழுக்கைக்குத்தான் பணியும். பெண்கள் கடற்கரையில் கூடி, இருபத்தேழு வழுக்கைத் தலையர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு குச்சியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வெட்டு வெட்டுவார்கள். பிறகு குச்சியைத் தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிட்டு, ஒரு கரப்பான்பூச்சியை மரச்சிராயில் ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். காற்றைக் கூட்டிவர வேண்டியது அதன் பொறுப்பு. ஒரே ஒரு கட்டுப்பாடு: சொல்லப்படுகிறவன் உயிரோடிருக்க வேண்டும். காற்று பெயரைப் பார்க்காது, தலையைத்தான் எண்ணும்; செத்தவனைச் சேர்த்து உயிருள்ள தலை இருபத்தேழுக்குக் குறைந்தால் முறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் அடிக்கும்.

கத்தி பிடிப்பது எப்போதும் ஃபெதோஸ்யாதான். சவ்வாத்தியின் அக்கா. அவளுடைய ஒரே மகன் நிகோன் மூர்மன் படகில் இருந்தான். வருஷாவருஷம் தம்பி தலையில்தான் அவள் கணக்கைத் தொடங்குவாள். அவன் தலை இருட்டில் விளக்கு வேண்டாத தலை என்பாள், எல்லாரும் சிரிப்பார்கள். அன்று மாலை அவள் செருப்புத் தைக்கிறவன் பெயரில் தொடங்கினாள். உஸ்தினியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

அந்த வருஷம் பார்த்து ஊரில் வழுக்கைக்குப் பஞ்சம். மணியடிக்கிற கிழவர் வசந்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். பக்கத்து ஊர்த் தலைகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். இருபத்தாறில் நின்றது. யாரோ ஒருத்தி தன் கொழுந்தன் பெயரைச் சொன்னாள்.

"அவனுக்கு நெத்தி கொஞ்சம் ஏறியிருக்கு, அவ்வளவுதான். காத்து என்ன குருடா?" என்றாள் ஃபெதோஸ்யா.

எல்லாரும் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தலைதான் ஞாபகத்தில் இருந்தது.

"சவ்வாத்தி," என்றாள் உஸ்தினியா.

ஃபெதோஸ்யாவின் கத்தி அசையவில்லை. "உஸ்தினியா, என் பிள்ளை கடல்ல இருக்கான். இவளுக புருஷனுங்க எல்லாம் கடல்ல இருக்காங்க. தப்பா எண்ணினா அத்தனை பேரும் போயிடுவாங்க."

"தப்புன்னு சொல்லுங்க மதினி. உங்க தம்பி செத்துட்டான்னு உங்க வாயால சொல்லுங்க. நான் பேசாம வீட்டுக்குப் போயிடறேன்."

ஃபெதோஸ்யா குனிந்து, மற்ற வெட்டுகளைவிட ஆழமாக ஒரு வெட்டு வெட்டினாள்.

அதற்குப் பிறகு காற்றே நின்றுபோயிற்று. தெற்கும் இல்லை, வடக்கும் இல்லை. புகை நேராக மேலே போனது. உஸ்தினியா வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு படகு கவிழ்ந்தால்கூடத் தன் வாய்தான் அதைக் கவிழ்த்தது. தன் ஆசைக்காக ஊர்ப் பிள்ளைகளைப் பலி கொடுத்துவிட்டோமோ என்று மருகினாள். கிணற்றடியில் இப்போது யாரும் அவளுக்கு வழிவிடவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது கூரைப்பலகை தடதடத்தது. வெளியே ஓடினாள். வடகாற்று முகத்தில் அறைந்தது. அவள் நடுமுற்றத்தில் நின்று கத்தி அழுதாள். காற்று வந்துவிட்டது, கணக்குச் சரி, அவன் உயிரோடிருக்கிறான். உள்ளே போய்ச் சவ்வாத்தியின் ஆட்டுத்தோல் கோட்டை எடுத்துக் காற்றாட வேலியில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வேலியிலிருந்து கோட்டை எடு என்று சண்டைக்கு வந்தாள். அதைக் கேட்க உஸ்தினியாவுக்கு இனிப்பாக இருந்தது.

படகுகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அன்று ஃபெதோஸ்யா வீட்டில் விருந்து. உஸ்தினியாவைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, ரொட்டியில் மீன் நிறைய இருந்த துண்டை அவள் பக்கம் தள்ளினாள். நிகோன் கடைசியாக உள்ளே வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கோடை முழுக்க மூர்மனில் விஷக்காய்ச்சலில் கிடந்தானாம், பிழைத்ததே பெரிய விஷயமாம்.

"சாமி படத்துக்கு முன்னால தொப்பியோட நிக்கறியே, எடுடா," என்றாள் ஃபெதோஸ்யா.

எடுத்தான். காய்ச்சல் ஒரு முடியைக்கூட விட்டுவைக்கவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தலை முட்டை மாதிரி மின்னியது.

ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றன. உஸ்தினியாவின் உதடுகள் செருப்புத் தைக்கிறவனில் தொடங்கி மெல்ல எண்ணின. இருபத்தாறு. அதற்குமேல் அவள் கண் நிகோனின் தலையில் நின்றது. எண்ணிய அன்றைக்கே கடலில் இன்னொரு வழுக்கை இருந்திருக்கிறது. சவ்வாத்தி இல்லாமலேயே கணக்கு நிறைந்துவிட்டது. காற்று அவனைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அவள் கை மேசையில் கரண்டியைத் தேடுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தது.

ஃபெதோஸ்யா எழுந்தாள். மகன் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி, அவன் காது மூட, புருவம் மறைய, தலையில் அழுத்தினாள்.

"குளிர் ஏறும். போட்டுக்கோ."

"சாமி முன்னாலயாம்மா?"

"போட்டுக்கோங்கறேன்ல."

அந்தக் குளிர்காலம் முழுக்க, வீட்டுக்குள்ளும் சாப்பாட்டு மேசையிலும் தேவாலயத்திலும், நிகோன் தொப்பியோடுதான் இருந்தான். பாதிரியார் ஒருமுறை எல்லார் முன்னாலும் அவனைக் கடிந்துகொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்திகூட அவருக்கு ஒத்துப் பேசவில்லை.