பெட்டை பிறந்தால் தேத்தண்ணி கிடையாது

மருத்துவிச்சி வேலையில பிள்ளையைப் பிடிக்கிறது லேசு. பிறந்த பிள்ளைக்கு வீட்டார் சொல்லுற நியாயத்தைக் கேட்டுக்கொண்டு நிக்கிறதுதான் பெரும்பாடு. அந்தக் காலத்தில வன்னிக் குடியேற்றங்களில என்னைப்போல சைக்கிள் உழக்கின மிஸிமாருக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

காதோரம்

நெடுங்கேணிப் பக்கம் ஒரு வீடு. பிள்ளையைத் துடைச்சுக் குடுத்த கையோட மாமியார் அதின்ர காதைத் திருப்பிப் பார்த்தா. பிறந்த பிள்ளை சிவப்பாத்தான் இருக்கும், பிறகு வரப்போற நிறம் காதோரத்தில தெரியும் எண்டது எங்கட சனத்தின்ர நம்பிக்கை. காதோரம் கறுப்பு. தகப்பன்காரன் வாசலில நிக்கிறான், அடுப்புக்கரி நிறம். மனிசி மகனையும் பார்த்தா, பிள்ளையையும் பார்த்தா, பிறகு களைச்சுப்போய்க் கிடந்த மருமகளிட்டத் திரும்பினா.

"எங்கட பரம்பரையில கறுப்பே இல்லை. உங்கட ஆக்களில ஆர் கறுப்பு, பிள்ளை?"

மூண்டாவது

பரமேஸ்வரிக்கு முதல் ரெண்டும் பெட்டையள். புருசன் சின்னராசா யாழ்ப்பாணத்தில இருந்து வந்து காடு வெட்டி வயலாக்கினவன். குடியேற்றத்தில அரசாங்கம் குடுத்த காணியைப் பிரிச்சுக் குடுக்கேலாது, ஒரு வாரிசுக்குத்தான் எழுதலாம். அது மகனாகத்தான் இருக்கவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டான். இந்தமுறையும் பெட்டையெண்டால் இவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிப்போட்டு வேற ஒருத்தியைக் கொண்டுவரப் போறானெண்டு ஊரெல்லாம் கதை.

மூண்டாவதும் பெட்டை. எனக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூட இல்லை. பரமேஸ்வரி என்ர கையைப் பிடிச்சு, "மிஸி, என்னை அனுப்ப வேண்டாமெண்டு அவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ" எண்டு அழுதாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆணோ பெண்ணோ எண்டது தகப்பனிட்ட இருந்து வாற வித்திலதான் இருக்கு, தாயில ஒண்டுமில்லை எண்டு எங்களுக்குப் படிப்பிச்சதை அப்பிடியே அவனுக்குச் சொன்னனான். பொறுமையாக் கேட்டான்.

"மிஸி, பெத்தது அவ. நான் வயலிலயெல்லோ நிண்டனான்."

கொட்டிலடி

அடுத்த போகம் அந்த வழியால போனனான். பரமேஸ்வரி மூண்டு பெட்டையளோட தண்ணீரூற்றெண்ட ஊரில, தாய்வீட்டில. இங்க குசினியில சமைச்சுக்கொண்டு புதுசா ஒருத்தி. சின்னராசா மாட்டுக்கொட்டிலடியில முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டான். அவன்ர பசு திரும்பத் திரும்ப ஆண்கண்டுதான் போடுதாம், நாளைக்குப் பாலுக்கு ஒரு பசுக்கண்டு இல்லையாம்.

"அப்ப பசுவையும் அனுப்பிப்போட்டு வேற கொண்டுவரப் போறீரோ, தம்பி?" எண்டு கேட்டனான். ஒண்டும் தெரியாதவளைப் பார்க்கிறமாதிரி என்னைப் பார்த்தான்.

"பசு பாவம், அது என்ன செய்யும் மிஸி? நாம்பன் காளையை மாத்தினால் சரி."

பரமேஸ்வரி நாலு காலோட பிறந்திருந்தால் இண்டைக்கும் அந்த வளவிலதான் இருந்திருப்பாள்.