எங்கள் வீட்டு நடை மெஷின்

எழுபதுகளின் தொடக்கத்தில், தருமபுரியில் சேலம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவர் அதியமான்கோட்டை பக்கத்தில் மாவு மில் வைத்திருந்தார். பிள்ளைகள் இருவரும் சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மூன்றாவதாக ஒரு மெஷின் வந்து சேரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஒருநாள் மில்லில் நின்றுகொண்டிருந்தவருக்கு நெஞ்சை அடைத்து, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, இது முதல் எச்சரிக்கை, உடம்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் வேகமாக நடக்கணும், நடப்பதற்கு முன்னால் கால்களை நன்றாக நீட்டி மடக்கித் தசையை இளக்கிக்கொள்ளணும், முடித்த பிறகும் அதே மாதிரி செய்யணும். இவ்வளவுதான் அவர் சொன்னது. மாத்திரையைவிட இதுதான் முக்கியம் என்று என்னிடமும் தனியாகச் சொன்னார்.

இதில் கஷ்டம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்குக் காலையில் நடப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் மில்லும் சைக்கிளும் வைத்திருக்கிற ஒரு மனிதர் சும்மா ரோட்டில் நடந்தால், ஊரே நிறுத்தி வைத்துக் கேட்கும். "என்னாங்க, சைக்கிள் என்னாச்சு?", "மில்லுல ஏதாச்சும் பிரச்சனையா?", "யாரையாவது தேடிக்கினு போறீங்களா?" ஒருவர் துக்கம் விசாரிப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டாராம். கேட்பவர்கள் கேட்டுவிட்டு விடுவதும் இல்லை. டீக்கடைக்கு இழுத்துப் போய் போண்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு வாரம் நடந்து, முன்பைவிடக் கொஞ்சம் பெருத்து, "இனிமே ரோட்டுல நடக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்படியே விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த முறை டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது, ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். ஒருவர் ஓடும் பெல்ட் மீது, இருந்த இடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான். அன்று முழுக்க அவர் சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. "இதுல என்னா இருக்குது? ரெண்டு உருளை, ஒரு பெல்ட்டு, ஒரு மோட்டாரு. இதெல்லாம் நம்மகிட்ட கெடக்குது" என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

கிடந்தது உண்மைதான். மில்லில் கழற்றிப் போட்டிருந்த பழைய மோட்டார், அகலமான கான்வாஸ் பெல்ட், லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிய உருளைகள், நடுவில் மிதிப்பதற்கு மாம்பலகை. எல்லாம் சேர்ந்து, பிள்ளைகள் லீவுக்கு வந்தால் படுக்கும் சின்ன அறைக்குள் வந்து இறங்கியது. கட்டிலை ஒரு பக்கமாகத் தள்ளி, மிச்சமிருந்த இடத்தை மெஷினால் நிரப்பிவிட்டார். அதன் பின்முனைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. சுவிட்சு எங்கே தெரியுமா? முன்பக்க மூலையில், ஏற்கெனவே சுவரில் சுவிட்சுப் பலகை இருந்த இடத்தில். அதைப் போடவோ அணைக்கவோ மெஷின் மேல் ஏறித்தான் போகணும், இல்லாவிட்டால் கட்டில் மேல் ஏறணும். "இது என்னாங்க கூத்து?" என்று கேட்டேன். "ஒயரு இழுக்கறது தண்டம்" என்றார்.

முதல் நாள் பெல்ட் மேல் நின்றுகொண்டே சுவிட்சைப் போட்டார். போட்ட வேகத்தில் பின்பக்கச் சுவரில் போய் மோதி, அங்கே சாத்தியிருந்த கேழ்வரகு டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்றார். உருளையில் மாட்டியிருந்த சக்கரம் சின்னதாம், அதனால் வேகம் அதிகமாம். பெரிய சக்கரம் மாட்டினார். அப்புறம் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. பின்னால் இருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றித் திருக வேண்டும். அவர் நடப்பார், நான் கீழே உட்கார்ந்து ஸ்பேனரை வைத்துக்கொண்டு திருக வேண்டும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். "இன்னுங் கொஞ்சம் புள்ள, இன்னுங் கொஞ்சம்" என்பார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்பேனரை என்ன செய்யலாம் என்று பல காலைகளில் யோசித்திருக்கிறேன்.

வத்தல்மலையிலிருந்து மில்லுக்குச் சாமை கொண்டுவரும் ஒருவர், இவர் வீட்டிலிருப்பது கேள்விப்பட்டு ஒருநாள் வந்தார். அறை வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எங்க போறீங்கொ?" என்று கேட்டார். "எங்கயும் போவல" என்றார் இவர் மூச்சு வாங்க. "அப்ப நில்லுங்க, பேசணும்" என்றார் அவர். அன்று முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கால்களை நீட்டி மடக்கச் சொன்ன விஷயத்தை இவர் காதிலேயே வாங்கவில்லை. தூங்கி எழுந்த காலோடு நேராகப் போய் ஏறுவார். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே ஆடுசதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. சுவிட்சு எட்டவில்லை. ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே கத்துகிறார். நான் ஓடிவந்து கட்டில் மேல் ஏறிச் சுவிட்சை அணைத்தேன். அதன் பிறகுதான் புத்தி வந்து, தினமும் புழக்கடைக்குப் போய்ச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்திச் சாய்ந்து நிற்க ஆரம்பித்தார்.

அங்கேதான் அடுத்த வம்பு பிறந்தது. அந்தச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுச் சுவர். அது யாருடையது என்று ஏற்கெனவே வாய்த்தகராறு ஆகி, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர், கனத்த சரீரம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் மெஷின் ஓடினால் அவர்கள் வீட்டு விளக்கு மங்கிப்போகும், ரேடியோ கரகரக்கும். அதற்காகவே ஜாடை மாடையாகத் திட்டிக்கொண்டிருந்தவர், இப்போது இவர் தினமும் விடிந்ததும் சுவரைப் பிடித்துத் தள்ளுவதைப் பார்த்தால் சும்மா இருப்பாரா?

அது புளி சீசன். அன்று காலை இவர் நடந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அப்போதெல்லாம் கரண்ட் போவது புதிதல்ல. இறங்கினார், குளித்தார், மில்லுக்குப் போனார். நான் வேலைகளை முடித்துவிட்டு, புளியைக் கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, இதற்காவது ஆகட்டும் என்று மெஷின் மேல் பெஞ்சில் உட்காருவதுபோல உட்கார்ந்துகொண்டேன். புளித்தூசி மூக்கில் ஏறாமல் இருக்க முந்தானையைக் கழுத்தைச் சுற்றி முகத்தோடு கட்டியிருந்தேன். அதன் நுனி முதுகுப் பக்கம் பெல்ட்டின் மேல் கிடந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டம்மா வந்தார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவர் கையில் துடைப்பத்தோடு அப்படியே உள்ளே வந்து, அறை வாசற்படியில் நின்றார்.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரரு என்னா நெனச்சிக்கினு இருக்காரு? தெனைக்கும் வந்து சுவத்தத் தள்றாரே, எங்க பக்கம் விழுவட்டும்னா?"

"தள்ளலீங்க. காலுக்குப் பயிற்சி. டாக்டரு சொன்னாரு."

"காலுக்குப் பயிற்சின்னா கால ஆட்டணும். கையால சுவத்த என்னாத்துக்குத் தள்ளணும்? எனக்கு என்னா காது குத்தறியா?"

நான் எழுந்திருக்கக்கூட இல்லை. புளியை உரித்துக்கொண்டே பதில் சொன்னேன். அவர் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். சுவரை விட்டு விளக்குக்கு வந்து, விளக்கை விட்டு ரேடியோவுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

என் கணவர் சுவிட்சை அணைக்காமலே போயிருக்கிறார்.

எனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. உட்கார்ந்த இடம் நழுவியது. புளிமுறம் கவிழ்ந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, பின்முனைக்கும் சுவருக்கும் நடுவில் போய் விழுந்தேன். எழப் பார்த்தால் முடியவில்லை. முந்தானை நுனி பின் உருளைக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கி, உள்ளே போய்க்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த துணி இறுகியது. விரலை உள்ளே விட்டுப் பிடித்தேன், விரலோடு சேர்த்து இறுக்கியது. கன்னம் ஓடுகிற பெல்ட்டில் உரசி எரிந்தது. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் ஊரில் இல்லையே என்று ஒரு எண்ணம் வந்தது. அதன் பிறகு எல்லாம் மங்கலாகிவிட்டது.

"அய்யோ தேவுடா!" என்று அவர் அலறியது மட்டும் கேட்டது.

அவர் ஓடிப் போய் ஆள் கூட்டி வந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு கட்டில் மேல் ஏறி, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துத் தொங்கியபடி, துடைப்பத்தின் அடிக்கட்டையால் சுவிட்சை மேலே தட்டினார். முதல் தட்டு சுவரில் விழுந்தது. இரண்டாவதில் அணைந்தது. மெஷின் நின்றுவிட்டாலும் துணி தளரவில்லை. அவர் குதித்து வந்து மண்டியிட்டு, என் சேலை ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று குறுக்கே கிழித்தார்.

மூச்சு வந்தது. அந்த முதல் மூச்சு தொண்டையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனதை இன்னும் என்னால் உணர முடிகிறது. அவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். நான் கண்ணைத் திறந்து பார்த்ததும் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, ஒக்கார வேற எடமே கெடைக்கலயா உனக்கு? செத்திருப்பியே! வரட்டும் அந்தாளு. நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

சொன்னபடியே உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பாட்டுக்கு வந்த என் கணவர், உருளையில் தொங்கிய கிழிந்த துணியைத்தான் முதலில் பார்த்தார். "இது எப்படிச் சிக்கிச்சு? பெல்ட்டுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றார். என் கழுத்தில் சுற்றியிருந்த ஈரத் துண்டை விலக்கிக் காட்டினேன். சிவந்து கன்றிப்போயிருந்த தடத்தைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டம்மா நடந்ததைச் சொல்லி, கூடவே தெலுங்கிலும் தமிழிலும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்.

சாப்பிடாமல் மில்லுக்குப் போனவர், சாயங்காலம் ஒரு இரும்புப் பெட்டியோடு வந்தார். அதில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான்.

"இது என்னாங்க?"

"ஸ்டார்ட்டரு. கரண்ட்டு போனா தானா உழுந்து அணைஞ்சிரும். திரும்பி வந்தாலும், பச்சைய அமுக்கினாத்தான் ஓடும்."

"எங்கிருந்து கொண்டாந்தீங்க?"

"மில்லுலேர்ந்து. அங்க எல்லா மோட்டாருக்கும் இருக்குது."

"எல்லாத்துக்கும் இருக்குதா? அப்ப இதுக்கு மட்டும் ஏங்க வெக்கல?"

அவர் பெட்டியின் மேல் படிந்திருந்த மாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அங்க வேலைக்கு ஆளுங்க இருக்காங்க. யாருக்காவது கை கால் போச்சுன்னா என்னா பண்றது? இது நம்ம வூடுதானன்னு விட்டுட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

மெஷினை முற்றம் பார்த்த தாழ்வாரத்துக்கு மாற்றினார். பின்முனைக்குப் பின்னால் தாராளமாக இடம் விட்டார். உருளைகளைப் பலகை வைத்து மூடினார். சிவப்புப் பொத்தானை நடக்கும்போதே கைக்கு எட்டுகிற கம்பியில் பொருத்தினார். இரண்டு கால்களையும் ஓரப் பலகைகளில் வைத்துப் பச்சையை அமுக்கி, பெல்ட் ஓட ஆரம்பித்த பிறகே அதில் இறங்குவார். சேலையோடு யாரும் அதன் பக்கம் போகக் கூடாது என்று நான் சட்டம் போட்டேன். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் வந்து, கரண்ட் மெயினை அணைக்கச் சொல்லி, மறுபடி போடச் சொல்லி, மெஷின் தானாக ஓடவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திருப்தியானார். சுவரில் கை ஊன்றவும் அனுமதி கொடுத்தார். "தள்ளக் கூடாது, சும்மா சாஞ்சிக்கட்டும்" என்று நிபந்தனையோடு. அதன் பிறகும் அவர் எங்களோடு சண்டை போட்டார். ரேடியோவுக்காகப் போட்டார், முருங்கை இலை உதிர்வதற்காகப் போட்டார். ஆனால் இவர் மில்லுக்குக் கிளம்பும் சத்தம் கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சுவிட்ச அணைச்சாச்சா?" என்று ஒரு குரல் வராத காலை கிடையாது.

என் கணவர் அந்த மெஷினில் பல வருடம் நடந்தார். உடம்பு இளைத்தது, நெஞ்சுவலி திரும்ப வரவில்லை. நல்ல மனிதர், என்னிடம் பிரியமாகத்தான் இருந்தார். அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கூலிக்கு வருகிறவர்களின் கை காலை நினைத்துப் பார்த்து ஸ்டார்ட்டர் மாட்டிய மனிதருக்கு, வீட்டில் இருக்கிறவளுக்கும் கழுத்து என்று ஒன்று இருக்கிறது என்பது ஞாபகம் வரவில்லையே என்று நினைக்கும்போது, இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருகிறது. பிரியம் இருந்தால் மட்டும் போதாது, அந்நியர்களுக்கு எடுத்துக்கொள்கிற கவனத்தில் பாதியையாவது வீட்டில் இருக்கிறவர்களுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று என் பிள்ளைகளிடமும் மருமக்களிடமும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.