நினைவு மலரில் செர்வாவின் பெயர்

யார் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாலும் மாலை ஐந்து மணிக்குச் செர்வாவின் கை ஒரு கணம் நின்றுவிடும். சடை பின்னும் கடையில் பதினைந்து வருடமாகப் பக்கத்து நாற்காலிக்காரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் கணவர் ஒப்போங்குக்கு அவள் சாப்பாடு கொண்டுபோன நேரம் அது. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது.

எங்கள் ஆப்பிரிக்க ஊரான குமாசிப் பக்கம் புருஷன் ஒரு வீட்டிலும் பெண்டாட்டி ஒரு வீட்டிலும் இருப்பது சாதாரணம். சாயங்காலம் சமைத்து அவர் வீட்டுக்கு எடுத்துப்போகிறவள்தான் மனைவி. அமெரிக்காவில் பிராங்க்ஸுக்கு வந்த பிறகும் ஒப்போங் தன் அக்காள் வீட்டில் இருந்தார், செர்வா சித்தி வீட்டில். நடுவே நான்கு தெரு. பனி கொட்டினாலும் ஃபூஃபூக் களியையும் ஆட்டுக்கறிச் சாற்றையும் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்த ஒப்போங் அவளுக்குக் கிரீன் கார்டு கேட்டு மனுப் போட்டார். விசாரணையில், "ஒரே வீட்லயா இருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க. எதுக்கு இருக்கணும்?" என்றாள் செர்வா, பெருமையாக.

பொய்க் கல்யாணம் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். மறுவருடம் ஒப்போங் இறந்தார்.

பிறகு, பஸ் ஓட்டும் கிளாரன்ஸைக் கட்டிக்கொண்டாள். அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். இருவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். அவர் போட்ட மனுவும் தள்ளுபடியானது. முன்பே ஏமாற்றியவள் என்ற பழைய குறிப்புதான் காரணம். மேல்முறையீடு செய்ய முப்பது நாள்தான் அவகாசம். அதிலும் தோற்றால் செர்வா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நடக்க முடியாத தன் தாயை விட்டுவிட்டு கிளாரன்ஸால் அவளோடு போக முடியாது.

எங்கள் கடைக்குத் தலை பின்னிக்கொள்ள வரும் லோரெயின் என்ற அம்மா ஒரு வக்கீல். பாதி பின்னிய தலையோடு விசாரித்தார்.

"மொத புருஷனோட பேங்க் கணக்கு, வாடகைச் சீட்டு, ரெண்டு பேர் பேர்லயும் ஏதாச்சும் இருக்கா?"

"சூப்பு இருந்துச்சு. அவர் குடிச்சுட்டாரு."

"நீ வாயத் தொறக்காத செல்லம், கேஸ் தோத்துரும்," என்றார் அன்று கடைக்கு வந்திருந்த கிளாரன்ஸ்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. சீப்புப் பெட்டிக்கு அடியில் கிடந்த ஒப்போங்கின் நினைவு மலரை எடுத்து வக்கீல் மடியில் வைத்தேன். சாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த புத்தகம். மூன்றாம் பக்கத்தில், 'மனைவி: செர்வா' என்று அச்சாகியிருந்தது. குடும்பம் ஏற்காத பெண்ணின் பெயர் அதில் ஏறவே ஏறாது. அதை அச்சடித்தவர் ஒப்போங்கின் அக்காள் போக்குவா. செர்வாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர்.

"அது நெசக் கல்யாணம்னு அவங்க சாட்சி எழுதிக் குடுத்தா நல்லது," என்றார் லோரெயின் அம்மா.

"அதுக்கு நான் பிளேன்லயே ஏறிடுறேன்," என்றாள் செர்வா. ஆனாலும் மறுநாள் அவளும் வக்கீலும் நானுமாகப் போனோம்.

போக்குவா உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஒன்ன எனக்குப் புடிக்காது."

"தெரியும் அக்கா."

"ஒன் சூப்புல எப்பவும் உப்பு கூட."

"அதுவும் தெரியும் அக்கா."

"ஆனா பொய்ப் பொண்டாட்டியா? என் தம்பி செத்ததுக்கு ஒரு வருஷம் கறுப்பு உடுத்துனவ இவ! அஞ்சு வருஷம் இவ கொண்டாந்த சட்டியில பாதிய நான்ல தின்னேன்! அப்ப நானும் பொய்யா? எங்க கையெழுத்துப் போடணும் வக்கீலம்மா?"

செர்வா அழுதாள். "மூக்கச் சிந்திட்டு அழு, தரை விரிப்பு புதுசு," என்றார் போக்குவா.

பதினான்கு மாதம் கழித்து, அந்தச் சாட்சியத்தைப் பார்த்த மேல்முறையீட்டு வாரியம் பழைய முடிவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. போன மார்ச்சில் கிளாரன்ஸின் மனு ஏற்கப்பட்டது. இப்போது செர்வாவிடம் கிரீன் கார்டு இருக்கிறது. கணவரோடும் மாமியாரோடும் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறாள்.