பிந்தி வந்த பட்டாளத்துத் துரை

கோபம் அடங்கட்டும் என்று இந்தக் கட்டுரையைக் கொஞ்ச நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன். அடங்கவில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மாத்தளையில் பஸ் ஏறினேன். இரத்தோட்டையைத் தாண்டி மலையில் ஏழு கிலோமீட்டர் ஏறினால் ஒரு பழைய தோட்டத்துப் பங்களா வரும். இப்போது அது விடுதி. நூற்றைம்பது வருடத்துக்கு முன் அங்கே கோப்பித் தோட்டம் போட்டவர் ஒரு பிரஷ்ய ராணுவ அதிகாரி. தோட்டத்து மக்களுக்கு அவர் இன்றும் பட்டாளத்துத் துரைதான். அவரைப் பற்றி எழுதத்தான் கொழும்பிலிருந்து புறப்பட்டிருந்தேன்.

விடுதிக்காரர்கள் அனுப்பியிருந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றை வழியெல்லாம் தொலைபேசியில் படித்துக்கொண்டு போனேன். பதினோரு வயதில் ராணுவப் பள்ளி. டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று மூன்று போர்கள். காலில் குண்டு பட்டு ஓய்வு, பிறகு இலங்கைக்குக் கப்பல். இலை நோய் வந்து கோப்பி அழிந்ததும் காய்ச்சலில் படுத்தார், எழும்பவில்லை. பங்களாவுக்குப் பின்னால் கல்லறை இருக்கிறது. அவருடைய குதிரைக்கும் பக்கத்திலேயே ஒரு கல்லாம்.

இரத்தோட்டையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், என் தொலைபேசியில் பங்களாவின் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அங்கதான் மிஸ் நானும் போறேன். பெரட்டுக்கு."

பெயர் ராஜேஸ்வரி, ஐம்பது வயதிருக்கும். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். பட்டாளத்துத் துரை அதைப் படை அணிவகுப்பு மாதிரியே நடத்தினாராம். விடுதி இப்போது சனிக்கிழமைகளில் எட்டு மணிக்கு அதை வெளிநாட்டு விருந்தினருக்கு நடித்துக் காட்டுகிறது. கம்பளி போர்த்தி, கூடை மாட்டி, தலை குனிந்து நிற்பது ராஜேஸ்வரி அக்காவின் வேலை. மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய செலவு இதில்தான் ஓடுகிறது.

"இன்னொரு தடவ லேட்டானா வரவே வேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு மிஸ்."

சொல்லி வாய் மூடவில்லை, பஸ் நின்றுவிட்டது. இரவு மழைக்குப் பாதையில் மண் சரிந்திருந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அக்கா இருப்புக்கொள்ளாமல் எழும்பி எழும்பி உட்கார்ந்தார். பேச்சுக் கொடுக்க நினைத்து, வாழ்க்கை வரலாற்றில் ஒரு பகுதியைச் சொன்னேன். ஆஸ்திரியப் போரில் துரையின் அணி சேற்றில் மாட்டி, சண்டை முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்ததாம். பாதை அப்படியென்றால் அவர் என்ன செய்வார் என்று தளபதி தோளில் தட்டிக் கொடுத்து, பிறகு பதக்கமும் வாங்கிக் கொடுத்தாராம்.

"லேட்டா போனதுக்கு மெடலா?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

எட்டரைக்கு இருவரும் ஒன்றாகத்தான் வாசலில் நுழைந்தோம். முற்றத்தில் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. விருந்தினர் ஒருவர் துரையின் தொப்பி போட்டு, கையில் பிரம்போடு நின்றார். மேனேஜர் என்னிடம் ஓடி வந்தார்.

"வாங்க மேடம். ரோட்டுல மண் சரிஞ்சிருச்சாம், கேள்விப்பட்டோம். பாவம், களைச்சுப் போயிருப்பீங்க."

கையில் இஞ்சித் தேநீர் வந்தது. அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"இப்பதான் விடிஞ்சுதா? திரும்பிப் போ. இனிமே இங்க வராத!"

விருந்தினர் கைதட்டினார்கள். நாடகத்தில் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள்.

அக்கா அவர்களைப் பார்த்து, "இது நடிப்பு இல்லீங்க, நெசமாவே என்னைய வெரட்டுறாங்க" என்றார். வழிகாட்டிப் பையன் மேனேஜரின் முகத்தைப் பார்த்தான். பிறகு, அவள் துரையிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான். மறுபடியும் கைதட்டல்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அக்கா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் கத்திச் சொன்னேன். நானும் அதே பஸ்ஸில்தான் வந்தேன், எனக்குத் தேநீர் தந்தார்கள் என்றேன். சேற்றில் மாட்டிய துரைக்குப் பதக்கம் கிடைத்த கதையையும் சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், சத்தம் போடாதீங்க" என்ற மேனேஜர், அக்காவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, போய் நில்லு" என்றார்.

அக்கா கூடையை மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். நான் கல்லறையைப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன். ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு வேறு எனக்கு.

மறு சனிக்கிழமை அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"நிப்பாட்டிட்டாங்க மிஸ். நீங்க போன கையோட." பிறகு, "துரையோட கதையையும் மாத்திட்டாங்களாம். வெராந்தா போர்டுல அந்தச் சேத்துக் கதை இப்ப இல்லையாம். சண்டைக்கு மொதல் ஆளா போனாருன்னு எழுதியிருக்காங்களாம்" என்றார்.

ஒரு பெண் அரை மணி நேரம் பிந்தியதை மன்னிப்பதைவிட, செத்துப்போன ஒருவரின் வாழ்க்கையையே திருத்தி எழுதுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

நேற்று கொழும்பு வெள்ளவத்தையில் அடை மழை. அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தித்தான் போனேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.