நான் எழுதிய இரண்டு மனுக்கள்

எங்கள் சபையில் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு கமிட்டி. ஐந்தாவது ஆள் வந்தால் அந்தக் கமிட்டிக்கு எதிராக ஒரு மனு. குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை. ஆனால் போதகரை மாற்றக் கேட்டும், மாற்ற வேண்டாமென்று கேட்டும் மேலிடத்துக்குப் போன மனுக்களெல்லாம் எங்கள் வீட்டு மேசையில்தான் பிறந்தன. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவற்றை எழுதியவள் நான். எனக்குக் கையெழுத்து அழகு, கோபம் அதைவிட அழகு என்று அம்மா கேலி செய்வாள்.

இந்த வித்தையோடுதான் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் முதுகலை சேர்ந்தேன். உள்ளூர்ப் பிள்ளைகள் சிலருக்குப் பாதிக் கட்டணம்தான். எனக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

விடுதியில் வெளிநாட்டு மாணவிகளுக்குப் புதிய கட்டடம், அறைக்கு இரண்டு பேர். எங்களுக்குப் பழைய ஹாலில் பன்னிரண்டு கட்டில். முதல் வருடக் கோடையில் எங்கள் பக்கத்துக் குழாய் காற்றை மட்டும் விட்டது. அவர்கள் பக்கம் தண்ணீர் கொட்டியது. வந்ததே கோபம்! மூன்று பக்கம் எழுதினேன். 'சொந்த மண்ணின் பிள்ளைகள் வாளியோடு அலையும் வேளையில்' என்று தொடங்கி, 'இனிமேல் வெளிநாட்டவரைச் சேர்க்கக் கூடாது' என்று முடித்தேன். சாப்பாட்டு வரிசையில் தாள் சுற்றி வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மனுவை யாரும் வாசிப்பதில்லை. நீட்டினால் கையெழுத்துப் போடுவதுதான் மரியாதை.

ஜூன் மாதம் அறிவிப்பு வந்தது: இந்த ஆண்டு வெளிநாட்டு மாணவர் சேர்க்கை இல்லை. ஹாலில் எல்லோருக்கும் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அதே பலகையில் இன்னொரு தாள்: கட்டணச் சலுகை நிறுத்தப்படுகிறது. கீழே இருந்த பட்டியலில் மூன்றாவது பெயர் என்னுடையது.

அலுவலகத்துக்கு ஓடினேன். கட்டணம் வாங்கும் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்த வெளிநாட்டுப் பிள்ளையள்ல ஒருத்தி கெட்டுதது ஒங்கள மாதிரி நாலு பேருக்க பீஸு மக்களே. அதுல இருந்துதான் ஒங்களுக்குக் கொறச்சோம். பின்ன என்ன, வானத்துல இருந்தா விழுந்துது?" என்றார். போகும்போது, "மனு நல்ல மனுவாக்கும். வாசிச்சு காலேஜ் கமிட்டியே ஆடிப் போச்சு" என்றும் சொன்னார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். எனக்குச் சொந்தக் காசுகூட இல்லை. மழைக்காலம், பால்வெட்டும் கிடையாது. "பாத்துக்கிடலாம்" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொன்னால் வழியில்லை என்று அர்த்தம். படிப்பை நிறுத்துவதென்று முடிவு செய்து, ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டுப் பெட்டி கட்ட விடுதிக்கு வந்தேன்.

ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை ஒரு தான்சானியாக்காரி. எங்களைப் போலவே மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்று வளர்ந்தவள். அதனாலேயே முதல் வாரத்திலேயே சிநேகமானோம். மனு எழுதும்போது, வெளிநாட்டவர் என்ற சொல்லுக்குள் அவளும் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றுவரை அதற்கு வெட்கப்படுகிறேன்.

"எங்க போற ஏட்டி?" என்று ஹாலுக்குள் வந்து கேட்டாள், எங்களிடம் கற்ற தமிழில். எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அதுல நானும் சைன் போட்டேன்" என்றாள். தமிழ் வாசிக்கத் தெரியாதவளுக்கு, தண்ணீர் கேட்டு எழுதிய மனு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்காகப் போட்டிருக்கிறாள். அந்த ஆண்டு இங்கே படிக்க வருவதாக இருந்த அவளுடைய தங்கைக்கு அந்த மனுவால்தான் இடம் போயிற்று.

அவள் என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. நான் அழுது முடிப்பதற்குள், பெட்டியில் அடுக்கியிருந்த என் துணிகளையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாள். பிறகு, "இன்னொண்ணு எழுது" என்றாள்.

எழுதினேன். முன்பு கேட்டது தவறு, அவர்களையும் சேர்க்க வேண்டும், சலுகையும் தொடர வேண்டும், தண்ணீர் இரண்டு பக்கமும் வர வேண்டும். பேனாவை நீட்டியபோது அவள் வாங்கவில்லை. "வாசி. எல்லாம் வாசி" என்றாள். வரிவரியாக வாசித்து அர்த்தம் சொன்னேன். ஹாலில் இருந்தவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். எங்கள் குடும்பச் சரித்திரத்தில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய முதல் மனு அதுதான். நிர்வாகம் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டது. அந்தப் பணம் அவர்களுக்கும் வேண்டியிருந்தது.

செப்டம்பரில் தங்கையை அழைத்துவர இருவரும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனோம். இரண்டு பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து முடித்த பிறகு, தோழி என்னைக் காட்டி, நானும் கேட்கட்டும் என்று முதலில் தமிழிலேயே சொன்னாள்: "இவளுக்குத்தான் நீ பீஸ் கட்டப் போற." பிறகு அவர்கள் மொழியில் அதையே சொன்னாள்.

தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிரித்துக்கொண்டே, கனமான பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள். அன்றைக்கு அதைத் தலையில் வைத்து நாகர்கோவில் வரை நடக்கச் சொல்லியிருந்தாலும் நடந்திருப்பேன்.